ஊசி போட வந்தவர் சோபாவை மாற்றலாமா?

உங்கள் வீட்டு மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டர் யாருடையது?

'இதென்ன கேள்வி? காசு கொடுத்து வாங்கியது நான். கரன்ட் பில் கட்டுவது நான். அப்புறம் யாருடையதாம்?' என்று கோபப்படுவீர்கள். நியாயம்தான். ஆனால் நேற்று ராத்திரி நீங்கள் தூங்கப் போன பிறகு அதற்குள் புகுந்து, சில சாமான்களைத் தூக்கிப் போட்டு, சிலவற்றைப் புதிதாகக் கொண்டுவந்து வைத்து, வேலை முடிந்ததும் ஒரு முறை அணைத்துத் திறந்துவிட்டுப் போனார்களே, அவர்கள் உங்களைக் கேட்டார்களா? பாதி டைப் அடித்துத் திறந்தபடியே வைத்திருந்த கடிதம் காலையில் இருந்ததா?

ஆட்டோமேட்டிக் அப்டேட் என்று இதற்குப் பெயர். தமிழில் தானியங்கிப் புதுப்பித்தல். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. அது தானாக இயங்கும். உங்கள் பேச்சைக் கேட்டு இயங்காது.

உங்கள் பெண்ணுக்குக் காலை பத்து மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதே முக்காலுக்கு மெஷினைத் திறந்தால் திரையில் வட்டம் சுற்றுகிறது. 'அப்டேட் நடக்கிறது, கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்.' எத்தனை நிமிஷம் ஆகும்? சொல்லாது. முப்பது சதவிகிதம் என்கிறது. காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் அதே முப்பது சதவிகிதம்தான். டி.டி.பி. கடைக்காரருக்குக் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகவேண்டிய நேரத்தில் இது வரும். வரி கட்டும் கடைசி நாள் சாயங்காலத்தில் வரும். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இன்டர்நெட் பார்க்கிறவருக்கு, அன்றைய டேட்டா முழுவதையும் காலையிலேயே குடித்துவிட்டுப் போகும்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் வழக்கமாக இரண்டு பேரிடம் யோசனை கேட்பார்கள். ஐ.டி. கம்பெனியில் இருக்கும் அக்கா பையன், "வர்றதையெல்லாம் போட்டுக்கிட்டே இருங்க மாமா, கேள்வியே கேக்காதீங்க" என்பான். சர்வீஸ் பண்ண வரும் தம்பியோ, "அது ஒரு தொல்லை சார், மொத்தமா ஆஃப் பண்ணி விட்டுடறேன்" என்று நாலு க்ளிக்கில் கதையை முடித்துவிடுவார்.

இரண்டு பேர் சொல்வதும் தப்பு. இரண்டு பேருமே அப்டேட் என்பது ஒரே ஒரு பொருள் என்று நினைக்கிறார்கள். அது ஒரு பொருள் இல்லை. இரண்டு பொட்டலங்களைச் சேர்த்துக் கட்டிய மூட்டை. ஒன்று, உங்களுக்குக் கட்டாயம் தேவை. இன்னொன்று, அவர்களுக்குத் தேவை. சேர்த்துக் கட்டியதுதான் இங்கே நடக்கும் அயோக்கியத்தனம்.

வீடு தேடி வந்து தடுப்பூசி போடும் நர்ஸ் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஊரெல்லாம் காய்ச்சல். ஊசி அவசியம். நம்பிக் கதவைத் திறக்கிறீர்கள். அவர் பின்னாலேயே நாலு ஆட்கள் நுழைகிறார்கள். ஒருவர் ஹாலில் இருந்த சோபாவைத் தூக்கிக் கொண்டுபோய் மொட்டை மாடியில் போட்டுவிட்டு, வேறு ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறார். ஒருவர் சமையலறைச் சுவரில் போஸ்டர் ஒட்டுகிறார். இன்னொருவர் பீரோவைத் திறந்து, நகைக்கெல்லாம் பில் இருக்கிறதா என்று விசாரிக்கிறார். 'ஏம்மா, ஊசி போடத்தானே வந்தீங்க?' என்றால், 'ஊசி வேணுமா வேண்டாமா? வேணும்னா இவங்களும் வருவாங்க' என்று பதில் வருகிறது.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால், கொஞ்சம் பொறுங்கள். ஒவ்வொன்றுக்கும் வருஷத்தோடு உதாரணம் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஊசி ஏன் தேவை என்று பார்த்துவிடலாம். சர்வீஸ் தம்பி சொன்னதைக் கேட்டு அப்டேட்டை ஆஃப் பண்ணி வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படிக்கவும்.

விண்டோஸ் மாதிரி ஒரு பெரிய மென்பொருளில் கோடிக்கணக்கான வரிகள். எழுதியவர்கள் மனிதர்கள். ஓட்டைகள் இருக்கும். ஓட்டை தெரிந்ததும் துணிக்கு ஒட்டுப் போடுவதுபோல ஒன்றை எழுதி அனுப்புகிறார்கள். பாட்ச் என்பது அதுதான். மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை இந்த ஒட்டுகளை வெளியிடுகிறது. நம் ஊர்க் கணக்குக்கு அது செவ்வாய் ராத்திரி. நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் ஒட்டை முதலில் டவுன்லோடு செய்கிறவர்களில் திருடர்களும் உண்டு. பழைய ஃபைலையும் புது ஃபைலையும் அருகருகே வைத்து, எந்த இடம் மாறியிருக்கிறது என்று பார்த்தால் போதும். ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். பிறகு ஒட்டுப் போடாத வீடுகளைத் தேடிக் கிளம்ப வேண்டியதுதான். அதாவது, ஒட்டு வெளியான நாளிலிருந்து ஒட்டுப் போடாதவரின் ஆபத்து கூடுகிறது. 'இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே' என்ற வாதம் இங்கே செல்லாது.

2003-ல் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு 'பிளாஸ்டர்' ஞாபகம் இருக்கும். திடீரென்று ஒரு பெட்டி தோன்றி, அறுபது விநாடியில் அணையப் போகிறேன் என்று எண்ண ஆரம்பிக்கும். சேவ் பண்ணுவதற்குள் போய்விடும். அந்தப் புழு கிளம்பியது ஆகஸ்ட் 11. அதற்கான ஒட்டு வெளியானது ஜூலை 16. நடுவில் 26 நாள் இருந்தது. ஒட்டுப் போட்டவர்கள் தப்பித்தார்கள்.

2017-ல் வந்தது 'வான்னாகிரை'. இது விளையாட்டில்லை. உங்கள் ஃபைல்களையெல்லாம் பூட்டி வைத்துவிட்டு, 300 டாலரை பிட்காயினாகக் கொடு, சாவி தருகிறேன் என்றது. 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் மாட்டின. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சுமார் 19,000 அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகியிருக்கும் என்று அந்த நாட்டுத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை சொன்னது. இங்கே ஆந்திர போலீஸ் கம்ப்யூட்டர்களும் மாட்டின. புழு கிளம்பியது மே 12. அந்த ஓட்டைக்கு ஒட்டு வெளியானது மார்ச் 14. முழுசாக 59 நாள் அவகாசம்.

ஆகவே அப்டேட்டே வேண்டாம் என்று சொல்கிறவர் உங்கள் நண்பர் இல்லை. ஊசி வேண்டும். சந்தேகமே இல்லை.

இப்போது பின்னால் வந்த ஆட்களைப் பார்ப்போம்.

முதலில் பீரோவைத் திறந்தவர். 2006-ல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்களுக்கு 'ஜெனுவின் அட்வான்டேஜ்' என்று ஒன்றை அனுப்பியது. உங்களிடம் இருப்பது ஒரிஜினலா, திருட்டு காப்பியா என்று பார்த்துச் சொல்லும் புரோகிராம். கம்பெனிக்கு அந்தக் கவலை இருப்பதில் தப்பில்லை. ஆனால் அதை எந்த வழியாக அனுப்பினார்கள்? அவசரமான பாதுகாப்பு ஒட்டுகள் வரும் அதே ஆட்டோமேட்டிக் அப்டேட் வழியாக. அது தினமும் கம்பெனிக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்ததும் அந்த வருஷம் ஜூனில் வெளியே வந்தது. அடுத்த வருஷம், 2007 ஆகஸ்டில், கம்பெனி சர்வரில் ஒரு கோளாறு. காசு கொடுத்து வாங்கிய ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்து 'நீ திருடன்' என்று சொல்லிவிட்டது கம்ப்யூட்டர்.

இதனால் நம் ஊரில் என்ன ஆயிற்று தெரியுமா? 'அப்டேட் போட்டா மாட்டிக்குவோம்' என்று பயந்து எத்தனையோ பேர் அப்டேட்டையே நிறுத்தினார்கள். நர்ஸோடு போலீஸ் வருகிறது என்றால் யார் கதவைத் திறப்பார்கள்?

அடுத்து சோபாவை மாற்றியவர். 2015 ஜூலை 29-ல் விண்டோஸ் 10 வந்தது. ஒரு வருஷத்துக்கு இலவசம் என்றார்கள். வேண்டுமென்பவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் பிரச்னை இல்லை. 2016 பிப்ரவரியில் அதைப் 'பரிந்துரைக்கப்படும் அப்டேட்' பட்டியலில் சேர்த்தார்கள். அதாவது, பல ஜி.பி. அளவுள்ள ஒரு புது ஆபரேட்டிங் சிஸ்டம், கேட்காமலே உங்கள் மெஷினில் வந்து இறங்கத் தயாரானது. மே மாதம் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 'இந்தத் தேதியில் மாற்றப் போகிறோம்' என்று ஒரு பெட்டி வரும். வேண்டாம் என்று நினைத்து, மூலையில் இருக்கும் சிவப்புப் பெருக்கல் குறியை அழுத்துவீர்கள். கம்ப்யூட்டர் உலகத்தில் அந்தக் குறிக்கு ஒரே அர்த்தம்தான். 'ஆளை விடு.' இங்கே மட்டும் அதற்கு 'சரி' என்று அர்த்தம்! குறிப்பிட்ட தேதியில் மாறிவிடும்.

கலிஃபோர்னியாவில் பயண ஏஜென்சி நடத்தும் ஒரு பெண்மணி சும்மா இருக்கவில்லை. அனுமதி இல்லாமல் இறங்கிய விண்டோஸ் 10-ஆல் தன் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, தொழில் கெட்டது என்று சிறு வழக்கு கோர்ட்டுக்குப் போனார். 10,000 டாலர் கொடுக்கச் சொல்லி 2016-ல் தீர்ப்பு வந்தது. மைக்ரோசாஃப்ட் அப்பீலைக் கைவிட்டுப் பணத்தைக் கட்டியது. அந்தக் கம்பெனியின் மார்க்கெட்டிங் தலைவரே 2016 டிசம்பரில், அந்தப் பெருக்கல் குறி விஷயத்தில் எல்லை மீறிவிட்டோம் என்று வாய்விட்டு ஒப்புக்கொண்டார். ஆனால் சோபா மாறியது மாறியதுதான்.

போஸ்டர் ஒட்டியவர் கதை சமீபத்தியது. 2024 ஏப்ரலில் வந்த ஒரு அப்டேட், விண்டோஸ் 11-ன் ஸ்டார்ட் மெனுவில் ஆப் விளம்பரங்களைக் கொண்டுவந்து வைத்தது. பெயர் 'பரிந்துரை'. அப்புறம், எங்கு பார்த்தாலும் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர். 2025 மார்ச் அப்டேட்டில் ஒரு கோளாறு, சிலருடைய கம்ப்யூட்டரிலிருந்து கோபைலட் தானாக அழிந்துபோயிற்று. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அப்டேட் கோளாறைப் பார்த்து ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். அதையும் உடனே சரிசெய்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

மைக்ரோசாஃப்ட் மட்டும்தானா? இல்லை. 2016 செப்டம்பரில் உலகம் முழுக்கப் பல எச்.பி. பிரின்டர்கள் திடீரென்று வேறு கம்பெனி இங்க் கார்ட்ரிட்ஜை ஏற்க மறுத்தன. நேற்று வரை ஓடிய கார்ட்ரிட்ஜ் இன்றைக்கு ஆகாது. காரணம், பிரின்டருக்குள் இருக்கும் மென்பொருளில் கம்பெனி வைத்த பூட்டு. அந்தப் பூட்டுக்கு வைத்த பெயரைக் கேளுங்கள். 'டைனமிக் செக்யூரிட்டி'! யாருக்கு செக்யூரிட்டி? இங்க் வியாபாரத்துக்கு. கூச்சல் எழுந்ததும் மன்னிப்பு கேட்டு, பூட்டைக் கழற்றும் அப்டேட் ஒன்றையும் கொடுத்தார்கள். ஆப்பிள் 2017 ஜனவரியில் அனுப்பிய ஐஃபோன் அப்டேட், பேட்டரி தேய்ந்த பழைய போன்களின் வேகத்தைக் குறைத்தது. போன் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கத்தான் செய்தோம் என்றார்கள். இருக்கலாம். ஆனால் அதை வெளிப்படையாகச் சொன்னது டிசம்பரில். வாங்கியவரிடம் சொல்லாமல் செய்ததற்காக பிரான்ஸ் 2020-ல் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது.

இதையெல்லாம் சொன்னால் கம்பெனிக்காரர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். 'பாதுகாப்பு ஒட்டையும் மற்ற மாற்றங்களையும் பிரிக்கவே முடியாது சார். ஆளாளுக்கு ஒரு மாதிரி வைத்துக்கொண்டால் எங்களால் சோதித்துப் பார்த்து மாளாது.' பாதி உண்மை. எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருந்தால் சோதிப்பது சுலபம் என்பது சரி. ஆனால் பிரிக்கவே முடியாது என்பது பச்சைப் பொய். ஏனென்றால் அவர்களே பிரித்துக் கொடுக்கிறார்கள். உங்களுக்கு அல்ல. பெரிய கம்பெனிகளுக்கு.

2016 அக்டோபரில் விண்டோஸ் 7-க்கும் 8.1-க்கும் ஒட்டுகளைத் தனித்தனியாகக் கொடுப்பதை நிறுத்தி, மாதம் ஒரு மூட்டையாக்கினார்கள். அப்போதும் 'பாதுகாப்பு மட்டும்' என்று ஒரு தனி மூட்டை தயாரானது. அதை நிறுவனங்களின் சர்வருக்குத்தான் அனுப்பினார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் தானாக வரும் அப்டேட்டில் அது கிடையாது. விண்டோஸ் 10-ல் 'எல்.டி.எஸ்.சி.' என்று ஒரு பதிப்பு இருக்கிறது. புது அம்சம் எதுவும் வராது. பாதுகாப்பு ஒட்டு மட்டும் வருஷக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். 2019 பதிப்புக்கு 2029 ஜனவரி வரை வரும். பத்து வருஷம் சோபாவைத் தொடமாட்டேன், ஊசி மட்டும் போடுகிறேன் என்று உத்தரவாதம்! ஆனால் அது நிறுவனங்களுக்கு. வீட்டு உபயோகத்துக்கு விற்கமாட்டார்கள். இன்னொரு பக்கம் இலவசமாகக் கிடைக்கும் உபுன்டு லினக்ஸைப் பாருங்கள். வழக்கமான அமைப்பிலேயே பாதுகாப்பு ஒட்டுகளை மட்டும் தானாகப் போடும். மற்றதை உங்களைக் கேட்கும். இலவசமாகக் கொடுக்கிறவர்களால் முடிகிறது. காசு வாங்குகிறவர்களால் முடியவில்லையாம்.

இன்னும் ஒரு கொடுமை உண்டு. 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது வகுத்த ஏற்பாடு இது: புது மாற்றங்கள் முதலில் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் போகும். சில மாதம் அங்கே ஓடி, கோளாறெல்லாம் தெரிந்து சரியான பிறகு அலுவலகங்களுக்குப் போகும். புரிகிறதா? பாயசத்தை முதலில் உங்கள் வாயில் ஊற்றிப் பார்ப்பது. உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் பெரிய மனிதர்களுக்குப் பந்தி போடுவது. வீட்டுப் பதிப்பில் அப்டேட்டைத் தள்ளிப்போட ஒரு பட்டன் வைக்கவே 2019 மே வரை, கிட்டத்தட்ட நாலு வருஷம் எடுத்துக்கொண்டார்கள்.

பாயசத்தில் விஷம் இருந்ததும் உண்டு. 2018 அக்டோபர் 2-ல் வெளியான விண்டோஸ் 10 பதிப்பு, சிலருடைய டாக்குமென்ட்ஸ், ஃபோட்டோ ஃபோல்டர்களில் இருந்தவற்றை அழித்துவிட்டது. குழந்தையின் முதல் பிறந்தநாள் படம், ஆராய்ச்சிக் கட்டுரை, எதுவாக இருந்தாலும் போயே போச்சு. அக்டோபர் 6-ல் விநியோகத்தை நிறுத்தினார்கள். பாதிக்கப்பட்டது பத்தாயிரத்தில் ஒருவர்தான் என்றது கம்பெனி. அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் கணக்கு நூறு சதவிகிதம். வெளியாவதற்கு முன்பே சோதனைப் பதிப்பைப் போட்டுப் பார்த்த சிலர் 'ஃபைலைக் காணோம்' என்று எழுதியிருந்தார்கள். குவிந்து கிடந்த புகார்களுக்கு அடியில் அது புதைந்துபோயிற்று.

2024 ஜூலை 19 உங்களுக்கு மறந்திருக்காது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரே ஒரு கோளாறான ஃபைல் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைச் சாய்த்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தவறான ஃபைல் வெளியே இருந்தது 78 நிமிஷம்தான். கம்பெனி அதற்குள் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் தானியங்கி அல்லவா? அதற்குள் போகவேண்டிய இடத்துக்கெல்லாம் போய்விட்டது. அடிபட்ட பிறகு அந்தக் கம்பெனி என்ன சொன்னது? இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புகிறோம், எப்போது போடுவது என்பதில் வாடிக்கையாளருக்கு உரிமை தருகிறோம் என்றது. அந்த உரிமையைத்தான் நானும் கேட்கிறேன். 85 லட்சம் மெஷின் சாய்ந்தால்தான் கிடைக்குமா?

'பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டுப் போ' என்பார்கள். எங்கே போவது? 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றது. விண்டோஸ் 11-க்கு மாறு என்கிறார்கள். அது வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 என்ற சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். அந்தத் தலைமுறை கடைக்கு வந்ததே 2017 ஆகஸ்டுக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் வாங்கிய நல்ல மெஷின், நன்றாக ஓடுகிற மெஷின், ஒரே நாளில் 'ஊசி போடமாட்டோம்' பட்டியலுக்குப் போய்விட்டது. தமிழக அரசு 2011-லிருந்து ஆரம்ப வருஷங்களில் கொடுத்த விலையில்லா லேப்டாப்களை இன்னும் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. தம்பி, தங்கை என்று கைமாறி ஓடிக்கொண்டிருக்கும் அவை எதுவும் இந்தப் பட்டியலில் தேறாது.

வேண்டாத காலத்தில் வீடு புகுந்து ஊசி போட்டவர்கள், வேண்டும் என்கிறபோது புது வீடு கட்டினால்தான் ஊசி என்கிறார்கள். இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் வரை ஒட்டு தருகிறோம் என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். அதற்கும் நிபந்தனை. 30 டாலர் கொடு, அல்லது கம்பெனியின் பரிசுப் புள்ளிகள் ஆயிரம் கொடு, அல்லது கம்ப்யூட்டர் செட்டிங்ஸை எங்கள் கணக்கில் வந்து சேமி. ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்டன. அங்கே மட்டும் இந்த நிபந்தனைகள் இல்லாமல் இலவசம் என்று இறங்கி வந்தார்கள். நாம் சண்டை போடவில்லை. நமக்கு இல்லை.

ஐரோப்பாக்காரர்கள் இன்னொரு காரியமும் செய்திருக்கிறார்கள். 2024 டிசம்பரில் சைபர் தாங்குதிறன் சட்டம் என்று ஒன்று அங்கே நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியக் கட்டளைகள் 2027 டிசம்பர் 11 முதல் கட்டாயம். என்ன சொல்கிறது? பாதுகாப்பு அப்டேட் தானாக வரட்டும், ஆனால் வேண்டாம் என்று சொல்லச் சுலபமான வழி வேண்டும். தற்காலிகமாகத் தள்ளிப்போடும் வசதி வேண்டும். தொழில்நுட்பம் இடம் கொடுக்கும் இடத்திலெல்லாம் பாதுகாப்பு ஒட்டுகளை மற்ற மாற்றங்களிலிருந்து பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். பொதுவாகக் குறைந்தது ஐந்து வருஷம் கொடுக்க வேண்டும். ஊசி வேறு, சோபா வேறு என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதிவிட்டார்கள்.

நம்மிடம் ஒன்றுமே இல்லையா? அடித்தளம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2023 நவம்பர் 30-ல் 'டார்க் பேட்டர்ன்' என்கிற ஏமாற்று வித்தைகளுக்கு எதிரான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பதின்மூன்று வித்தைகளைப் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். நச்சரிப்பது அதில் ஒன்று. வேண்டாததைச் செய்யவைத்துக் கட்டாயப்படுத்துவது ஒன்று. பட்டன்களைக் குழப்பமாக வைத்துத் திசைதிருப்புவது ஒன்று. பெருக்கல் குறியை அழுத்தினால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்டேட்டுக்கென்றே இதில் ஒரு வரி சேர்க்க டெல்லிக்கு எத்தனை நாள் ஆகும்? பாதுகாப்பு ஒட்டு தனி, மற்றது தனி. முதலாவது தானாக, இரண்டாவது சம்மதத்தோடு. எத்தனை வருஷம் ஒட்டு வரும் என்பது பெட்டியின் மேலேயே. மூன்று வாக்கியம்தான்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். இருக்கிற கொஞ்சம் உரிமையையாவது முழுசாகப் பயன்படுத்துங்கள்.

அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்தியிருந்தால் இன்றைக்கே திரும்ப ஆன் பண்ணுங்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குள் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று ஒன்று இருக்கும். நீங்கள் வேலை செய்யும் நேரத்தைச் சொல்லிவைத்தால் அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. 18 மணி நேரம் வரை கொடுக்கலாம். பரீட்சை, இன்டர்வியூ என்று முக்கியமான வாரம் வந்தால் 'பாஸ்' பட்டனை அழுத்தித் தள்ளிப்போடுங்கள். அதிகபட்சம் ஐந்து வாரம் கிடைக்கும். மாதாந்திர ஒட்டு வந்ததும் ஓரிரு நாள் பொறுத்துப் போடுவது விவேகம். ஐந்து வாரம் முழுக்க ஓட்டுவது அசட்டுத்தனம்.

செல்போன் டேட்டாவில் ஓட்டுகிறவர்கள் அந்த இணைப்பை 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று குறித்துவிடுங்கள். பெரிய அப்டேட்கள் தானாக இறங்காது. ஆனால் வாரம் ஒரு முறை நல்ல இணைப்பில் நீங்களே போட்டுவிடவேண்டும். 'ஆப்ஷனல்' என்று வருவதைத் தொடாதீர்கள். 'வந்த உடனே எனக்குக் கொடு' என்ற விண்டோஸ் 11 பட்டனை ஆஃப் செய்து வையுங்கள். 2018-ல் ஃபைல் இழந்தவர்கள், அப்டேட் இருக்கிறதா என்று தாங்களே தேடிப்போய் பட்டனை அழுத்தி முதல் வரிசையில் நின்றவர்கள்தான். பந்திக்கு முந்தவேண்டிய இடம் இது இல்லை. முக்கியமான ஃபைல்களுக்கு வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு காப்பி எடுத்து, வயரைக் கழற்றி பீரோவில் வையுங்கள். இன்டர்நெட் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்துக்குள்ளேயே 'உடனே அப்டேட் செய்யுங்கள்' என்று ஒன்று குதித்தால், அது நர்ஸ் வேஷம் போட்ட திருடன். நிஜ அப்டேட் செட்டிங்ஸ் வழியாகத்தான் வரும்.

அப்புறம், புகார் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வம்பு செய்து வேலையைக் கெடுத்த அப்டேட்டைப் பற்றிச் சொன்னால் மறுநாளே நீதி கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஐஃபோனில் ஐ.ஓ.எஸ். 18 அப்டேட்டுக்குப் பிறகு கோளாறு என்று இந்த உதவி எண்ணுக்கு வந்த புகார்களை வைத்துத்தான் 2025 ஜனவரியில் ஆப்பிளுக்கு மத்திய ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. போன் பண்ணியவர்கள் உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான்.

அடுத்த தடவை கம்ப்யூட்டர் வாங்கக் கடைக்குப் போகும்போது ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு, பை இலவசமா என்று கேட்பீர்கள் அல்லவா? கூடவே இன்னொன்றும் கேளுங்கள். 'தம்பி, இதுக்கு எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் வரும்? பில்லுல எழுதிக் குடுங்க.' கடைப் பையன் விழிப்பான். மேனேஜரைக் கூப்பிடுவான். அவரும் விழிப்பார். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் அவர் கம்பெனிக்கு போன் போடுவார்.